தலைக்குப் பத்துப் பவுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொன் தேடிக் கடல் கடந்து போன சீன அக்கா, தம்பி இருவரைப் பற்றிய வரலாற்று நாவலின் தமிழாக்கத்துக்குக் கடந்த ஞாயிறு இலக்கியப் பக்கத்தில் மதிப்புரை வந்திருந்தது. மண் அரிப்பதும் கடன் கணக்கும் பக்கம் பக்கமாக வருவதால் கதை நகரவில்லை என்று மதிப்புரையாளர் குறைப்பட்டிருக்கிறார். அந்தப் பக்கங்களில்தான் கதையே இருக்கிறது என்பது எங்கள் கட்சி. அவை நகராமல் கிடப்பதற்குக் காரணம், நம் வீட்டிலும் கடற்கரையிலும் சொல் இருக்கும்போது ஆங்கிலச் சொல்லை அப்படியே இறக்கி வைத்த தமிழ். மறுபதிப்பு வரும் என்று அதே பக்கத்தில் அறிவிப்பு இருப்பதால், திருத்த வேண்டியவற்றை எழுதுகிறோம்.

முதலில் மதிப்புரையிலேயே ஒரு பிழை. கதை நடப்பது கலிபோர்னியாவில் அல்ல, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், பாமர் ஆற்றங்கரையில். சீனர் மூன்று இடங்களை வேறு வேறாகவே அறிந்திருந்தார்கள். 1848 ஜனவரி 24இல் சட்டர் ஆலையின் வாய்க்காலில் பொன் கண்ட பிறகு கலிபோர்னியா அவர்களுக்குப் 'பொன்மலை' ஆனது. 1851இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பொன் கிடைத்ததும் அது 'புதிய பொன்மலை'. சான் பிரான்சிஸ்கோவுக்குச் சீன மொழியில் இன்றைக்கும் 'பழைய பொன்மலை' என்றுதான் பெயர். பாமர் இதற்கெல்லாம் இருபது ஆண்டு பிந்தியது. 1873 செப்டம்பரில் மல்லிகன் என்பவர் அங்கிருந்து 102 அவுன்ஸ் பொன்னோடு ஜார்ஜ்டவுனுக்குத் திரும்பினார். அடுத்த மாதமே எண்டவர் ஆற்று முகத்துவாரத்தில் கப்பல் வந்து குக்டவுன் என்ற துறைமுகம் முளைத்தது. 1877 வாக்கில் பாமரில் சீனர் மட்டும் ஏறக்குறைய 17,000 பேர். பொன்மலை என்றால் மலை எங்கே என்று கேட்கிறார் மதிப்புரையாளர். நம் பக்கத்திலிருந்து தேயிலைக்கும் காப்பிக்கும் போனவர்கள் இலங்கையைக் 'கண்டிச்சீமை' என்றார்களே, அதுபோலப் போகிற திசைக்கு வைத்த பெயர் அது.

உறவுப் பெயர்களுக்கு வருவோம். நூல் நெடுகச் 'சகோதரி', 'சகோதரன்' என்றே வருகிறது. ஆங்கிலத்தில் மூத்தவளுக்கும் இளையவளுக்கும் ஒரே சொல், அதனால் அங்கே வேறு வழியில்லை. ஆனால் சீன மொழியில் அக்காவுக்கு ஒரு சொல், தங்கைக்கு ஒரு சொல், அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்படியே. நம்மிடமும் அதே கணக்கு. சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது உதிர்ந்த வயது வரிசையைத் தமிழ் சும்மாவே மீட்டுத் தந்திருக்கும். 'என் சகோதரி தன் பங்குச் சோற்றை எனக்கு வைத்தாள்' என்பதில் யார் மூத்தவர் என்று தேட வேண்டியிருக்கிறது. 'அக்கா தன் சோற்றை என் தட்டில் போட்டாள்' என்றால் தேட வேண்டாம். உடன்பிறந்தார் கதையில் இதில் சறுக்கினால் பாதி நூல் போயிற்று.

அடுத்தது மண் அரிப்பு. எங்களுக்கு அதிக வருத்தம் இங்கேதான். தமிழாக்கத்தில் 'தங்கத் தட்டு' என்று ஒன்று வருகிறது. படிக்கிறவர் தங்கத்தால் செய்த தட்டு என்றுதான் நினைப்பார். அது ஒன்றே கால் முதல் ஒன்றரை அடி அகலமுள்ள இரும்புச் சட்டி, பக்கம் சரிந்தது. அதில் நடக்கும் வேலையைப் பழைய அடுக்களை அறிந்த எவருக்கும் ஒரு சொல்லில் விளக்கலாம்: அரிசி அரிப்பது. கல் நிறைந்த அரிசியைத் தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சாய்த்தால் லேசான அரிசி அடுத்த பாத்திரத்துக்கு ஓடும், கனமான கல் அடியில் நிற்கும். பொன்னில் இதே வேலைதான். ஓடுவதை விட்டுவிட்டு நிற்பதை வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. மணலின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் இரண்டரை மடங்கு, பொன்னினுடையது 19 மடங்கு. சட்டி வேலை செய்வதெல்லாம் இந்த வித்தியாசத்தால்தான்.

உள்ளே வரிவரியாகக் கீறல் போட்ட அரிக்கஞ்சட்டி என்ற மண்சட்டி நினைவிருக்கும். அரிசி வரிகளைத் தாண்டி ஓடும்போது கல் வரிக்குள் தங்கும். பொன் அரிக்கும் மரப்பெட்டியின் அடியில் குறுக்கே அடித்த சட்டங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. தமிழாக்கம் அவற்றை 'தடுப்பு அமைப்புகள்' என்கிறது. அரசாங்க டெண்டர் அறிவிப்பு மாதிரி இருக்கிறது.

இனி வேலையின் படி. சட்டியில் முக்கால் அளவு மண். தண்ணீருக்குள்ளேயே முக்கி, கையால் பிசைந்து, களிமண் கட்டியை ஒன்று விடாமல் கரைக்க வேண்டும். கரையாத கட்டி உருண்டு வெளியே போகும்போது ஒட்டியிருக்கும் பொன்னையும் கூட்டிக்கொண்டு போய்விடும். பெரிய கல்லை எறியுமுன் சட்டிக்குள்ளேயே கழுவ வேண்டும், அதே காரணம்தான். பிறகு சட்டியை மட்டமாகப் பிடித்து இடமும் வலமுமாகக் குலுக்கினால் கனமானது கீழே இறங்கும். இறங்குவதற்கு நேரம் கொடுக்காமல் சாய்ப்பவன்தான் பொன்னை ஆற்றிலேயே விடுகிறவன். அதன்பின் சட்டியைச் சாய்த்து, தண்ணீர் அலையடிப்பதுபோல் மேல்மண்ணை விளிம்பு வழியே விட வேண்டும். கடைசியில் ஒரு கைப்பிடி கருமணல் நிற்கும், அதன் ஓரத்தில் மஞ்சள் கோடு. இரும்புச் சத்துள்ள கருமணலைக் காந்தத்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் காயவைத்து ஊதலாம்.

எண்ணெய்ப் பிசுக்கு இந்த வேலைக்குப் பெரும் பகை. அரிசித்தவிடு மாதிரி மெல்லிய பொன் தூசி, பிசுக்குள்ள தண்ணீரில் மிதந்து போய்விடும். அதனால் புதுச் சட்டியை நெருப்பில் போட்டு எண்ணெய் எரித்த பிறகே ஆற்றில் இறக்குவார்கள். சமையல் சட்டியில் பொன் அரித்தால் என்ன ஆகும் என்பது இதிலிருந்தே தெரியும். நாவலில் தம்பி பன்றிக்கறி வறுத்த சட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓட, அக்கா கத்துகிறாள் அல்லவா? மதிப்புரையாளர் அதைக் 'காரணமற்ற கோபம்' என்கிறார். அன்றைக்கு முழுவதும் உழைத்து வெறுங்கையோடு வர வழி அது ஒன்று போதும். காரணத்தை ஒரு வரியில் தமிழில் சொல்லியிருந்தால் அந்தக் காட்சி நின்றிருக்கும்.

'தொட்டில்' என்று வருவதும் குழப்பம். சொல் சரி, ஆங்கிலத்திலும் தொட்டில்தான், ஆட்டுவதால் வந்த பெயர். ஆனால் முதல் முறை வரும் இடத்தில் அது என்னவென்று காட்டாததால், பெண் ஒருத்தி தொட்டில் ஆட்டுகிறாள் என்றதும் குழந்தை எங்கே என்று தேடுகிறோம். மூன்று, நான்கு அடி நீளப் பெட்டி. அடியில் வளைந்த இரண்டு கட்டைகள். மேலே துளை போட்ட இரும்புத் தகடு பதித்த சல்லடைக் கூடை. அதன்கீழ் சாய்வாகக் கட்டிய கித்தான் துணி. தரையில் குறுக்குச் சட்டம் இரண்டு. ஒருவர் மண்ணைக் கொட்ட, ஒருவர் ஒரு கையால் தண்ணீர் மொண்டு ஊற்றி மறு கையால் ஆட்ட வேண்டும். தண்ணீர் நின்றுவிட்டால் மணல் சட்டத்தின்முன் சிமெண்டுபோல் இறுகிவிடும், பிறகு பொன் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். வேகமாக ஆட்டினாலும் ஓடும். இரண்டு பேர் வேலை என்பதால்தான் அக்காளும் தம்பியும் சண்டை போட்டுக்கொண்டும் பிரிய முடியாமல் இருக்கிறார்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் பெட்டி நிற்கும்.

ஆள் கூடினால் நீளப் பெட்டி. பன்னிரண்டு அடிப் பெட்டிக்கு ஆறு அங்குலம் சரிவு என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு. சரிவு குறைந்தால் மணல் அடைக்கும், கூடினால் மென்பொன், அதாவது மெல்லிய பொன் தூசி, போய்விடும். வெள்ளையர் அரித்து எறிந்த மண்ணைச் சீனர் மறுபடி அரித்துப் பொன் எடுத்தார்கள் என்றால் மந்திரம் ஒன்றுமில்லை, இந்த மென்பொன்தான் காரணம். ஆசாரி பட்டறைக் குப்பை மண்ணைக் காசு கொடுத்து வாங்கி அரிப்பவர்கள் நம்மூரில் இல்லையா?

பாதரசம் வரும் அத்தியாயத்தில் தமிழாக்கம் ஆபத்தான பிழை செய்திருக்கிறது. பொன் தூசியைப் பாதரசம் பிடித்துக்கொள்ளும், மாவு மாதிரிக் கட்டியாகும். அதை நனைத்த தோலில் வைத்துப் பிழிந்தால் மிச்சப் பாதரசம் வெளியே வரும். கட்டியைச் சூடாக்கினால், 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகிப் பொன் கடற்பஞ்சுபோல் நிற்கும். ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் மூடிய வாலை இல்லாதவர்கள் உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, குடைந்து, கட்டிமேல் கவிழ்த்து மண்வெட்டித் தகட்டில் சுடுவார்கள். ஆவி கிழங்குக்குள் படியும், பாதரசத்தைத் திரும்ப எடுக்கலாம். அந்தக் கிழங்கு விஷம். நூலில் 'பிறகு உருளைக்கிழங்கை அவர்கள் பகிர்ந்துகொண்டனர்' என்று அச்சாகியிருக்கிறது. பகிர்ந்தது அதிலிருந்து எடுத்த பாதரசத்தை. ஒரு சொல் தவறியதில் குடும்பத்தையே கொன்றுவிட்டார்கள்.

இனிப் பணம். நூல் முழுக்கப் 'பவுண்டு' என்கிறது. பிரிட்டிஷ் ஒரு பவுண்டு என்பது ஒரு சவரன் பொற்காசு, 22 காரட், எடை 7.988 கிராம். நம் தாலிக்கொடியை எடை சொல்லும் பவுன், எட்டு கிராம், அந்தக் காசிலிருந்து வந்ததுதான். சிட்னியில் 1855 முதலே சவரன் அடித்தார்கள், ஆஸ்திரேலியச் சவரன்கள் இந்தியாவுக்கும் வந்தன. ஆகவே பவுண்டைப் பவுன் என்று போட்டால் மொழிபெயர்ப்பும் ஆயிற்று, எடையும் ஆயிற்று.

போட்டுப் பாருங்கள். குயின்ஸ்லாந்து 1877இல் சட்டம் போட்டு, இறங்கும் ஒவ்வொரு சீனரிடமும் பத்துப் பவுன் தலைவரி வாங்கியது. பொன் எடுக்கும் ஆண்டு உரிமம் மற்றவர்களுக்கு அரைப் பவுன், ஆசியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் அதே ஆண்டில் மூன்று பவுன் ஆக்கப்பட்டது. கடை உரிமம் நான்கு பவுனிலிருந்து பத்து. இராமநாதபுரத்தில் எந்த வீட்டு அம்மாளிடமும் இதைச் சொல்லிவிட்டு, தம்பி ஏன் உரிமச் சீட்டை ஒளித்துவைத்த இடம் நினைவில்லாமல் அழுகிறான் என்று விளக்க வேண்டியதில்லை. விக்டோரியா இதே பத்துப் பவுன் வரியை 1855லேயே போட்டது. அதற்குத் தப்பிக்க, சீனர் அடுத்த குடியேற்றமான தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறையில் இறங்கி, பொன் வயல்களுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். கலிபோர்னியாவில் மாத வரி. அயல்நாட்டுச் சுரங்கக்காரருக்கு 1852இல் மூன்று டாலர், அடுத்த ஆண்டு நான்கு. வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 1854இல் தீர்ப்பே எழுதிவிட்டது.

'கூலிகள்' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். ஆங்கிலத்தின் அந்தச் சொல் நம் கூலியிலிருந்து போனது என்பாரும், குஜராத்தின் கோலி என்ற இனப்பெயரிலிருந்து போனது என்பாரும் உண்டு. எப்படியானாலும் தமிழில் கூலி என்பது சம்பளம், ஆள் கூலியாள். பாமரில் மண் அரித்த சீனர் பலர் யாரிடமும் கூலிக்கு நின்றவர்கள் அல்லர். கியூபாவுக்கும் பெருவுக்கும் ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்டவர்கள் வேறு. இவர்கள் ஹாங்காங் வணிகரிடமோ ஊர்த் தலைவரிடமோ கப்பல் கட்டணத்தைக் கடனாக வாங்கி, எடுக்கும் பொன்னில் வட்டியோடு அடைக்க வந்தவர்கள். இதற்கு நெருங்கின ஒன்று நம் கரையிலேயே இருந்தது. கங்காணி கொடுத்த முன்பணம் இலங்கைத் தோட்டத்தில் ஆளின் கணக்கில் கடனாக ஏறும். இன்ன தொகை கட்டினால் ஆளை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். புதுத் தோட்டம் அதைக் கட்டி ஆளையும் கடனையும் சேர்த்தே வாங்கும். 1921இல்தான் துண்டு ஒழிந்தது. தேவிபட்டினத்திலும் பாம்பனிலும் தோணி ஏறி மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் 'கடன்-பயணச்சீட்டு முறை' என்று எழுதுவதைவிட 'முன்பணம்' என்றால் போதும்.

சின்னச் சின்னவை சில. சீன ஆணின் பின்னல்சடையைக் குடுமி என்று போட்டிருக்கிறார்கள். முன்நெற்றியை மழிப்பதில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் இது முடிவதில்லை, பின்னித் தொங்கவிடுவது. 1645இல் சீனாவை ஆண்ட சிங் அரசு ஆணையிட்டு வைத்த அடையாளம். அறுத்துக்கொண்டவன் ஊர் திரும்பினால் அரசத் துரோகி. 1861இல் ஆஸ்திரேலியாவின் லாம்பிங் பிளாட் பொன் வயல் கலவரத்தில் வெள்ளையர் சடையைக் குறிவைத்து அறுத்தது எதற்கென்று இது தெரிந்தால்தான் புரியும். 'உலர்த்தி உப்பிடப்பட்ட மீன்' என்று ஐந்து இடத்தில் இருக்கிறது. கருவாடு என்று எழுதக் கை வரவில்லை போலும். 'தோள் நுகம்' என்பது காவடி. பதநீர்க் கலயத்துக்கும் மீன் கூடைக்கும் நாம் தூக்கியதுதான். பொன் எடை போடும் ஒற்றைத் தட்டுத் தராசுக்கு வெள்ளிக்கோல் என்ற அருமையான சொல் தமிழில் இருக்கிறது. ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசை ஆங்கிலேயர் எழுதிய சொல்லே நம் 'காசு' போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போனது. அதைக் 'கேஷ்' என்று திரும்பக் கொண்டுவந்து வைத்திருப்பது வேடிக்கை.

மழைக்காலம் என்று மட்டும் போட்டால் நம் வாசகர் ஐப்பசி, கார்த்திகை என்று எடுத்துக்கொள்வார். அங்கே மார்கழி முதல் பங்குனி வரை. அந்த நாலு மாதமும் ஆறுகள் பெருகிக் குக்டவுன் பாதை அறுந்துவிடும், அரிசி மூட்டை ஏறாது. மழை விட்டுச் சில மாதம் கழிந்தால் ஓடை வற்றும், மண் இருக்கும், அரிக்கத் தண்ணீர் இருக்காது. நடுவே கிடைக்கும் மாதங்கள்தான் சம்பாத்தியம். பஞ்சமும் பொன்னும் மாறி மாறி வருவதை 'ஆசிரியரின் செயற்கையான திருப்பங்கள்' என்று மதிப்புரை சொல்வது வானிலையைக் குறை சொல்வதாகும்.

எலும்பு விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இறந்தவரைப் புதைத்து, சில ஆண்டு கழித்துத் தோண்டி, எலும்புகளைக் கழுவி, பெட்டியில் அடுக்கிச் சொந்த ஊருக்குக் கப்பலில் அனுப்புவது குவாங்டாங் மக்களின் வழக்கம். பிள்ளைகள் வழிபட ஊரில் கல்லறை வேண்டும். தமிழாக்கம் இதை 'அஸ்தி' என்கிறது. சமஸ்கிருதத்தில் எலும்பு என்றே பொருள், அகராதியைக் காட்டலாம். ஆனால் இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் நாள்தோறும் அஸ்தி கரைக்கும் கரையில் அந்தச் சொல்லுக்கு எரித்த சாம்பல், கடலில் கரைப்பது என்றுதான் அர்த்தம். அக்கா தம்பியின் பெட்டியைக் கடல் கடத்திக் கொண்டுபோகும் கடைசி அத்தியாயத்தில், அவள் அதை எப்போது கடலில் விடுவாள் என்று எதிர்பார்த்தே படித்து முடிக்கிறோம். அவள் எலும்பு ஒன்றுகூடக் குறையாமல் எண்ணி வைத்திருப்பதன் பொருளே தலைகீழாகிவிடுகிறது. அந்த அத்தியாயத்தில் 'எலும்பு' என்று மட்டும் மாற்றினாலே போதும்.

கடைசியாக அவுன்ஸ். பின்னிணைப்பில் ஓர் அவுன்ஸ் 28.35 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். அது பலசரக்குக்கு. பொன்னுக்கு டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். மல்லிகன் கொண்டுவந்த 102 அவுன்ஸை இவர்கள் கணக்கில் போட்டால் 2.89 கிலோ, சரியான கணக்கில் 3.17 கிலோ. இடையில் காணாமல் போனது 35 பவுன்.

இப்படிக்கு,
வாசகர்கள் நால்வர்,
தேவிபட்டினம், இராமநாதபுரம் மாவட்டம்.